மறுமுனையில் இருப்பவர் யார்?
கைத்தொலைபேசியும் அகதி எழுத்தும் பற்றிச் சில அவதானிப்புகள்

அகதி இலக்கியம் பற்றி நமது சூழலில் எழுதப்படும் விமர்சனங்களில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. படைப்பில் எவ்வளவு கண்ணீர் இருக்கிறது, ஊர் நினைவு எவ்வளவு உருக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அளந்து பார்க்கிறோம். பிறகு 'வலியின் இலக்கியம்' என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறோம். அண்மைக் காலமாக இதனோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. குர்திய எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி 2018இல் வெளியிட்ட 'மலைகளைத் தவிர நண்பர் இல்லை' என்ற நூலைப் பற்றிப் பேச்செடுத்தால், 'அது வட்ஸ்அப்பில் எழுதப்பட்டதாம்' என்ற வியப்போடு உரையாடல் முடிந்துவிடுகிறது. வியப்பு விமர்சனமாகாது. ஒருவர் ஓலையில் எழுதினார், இன்னொருவர் சிறைச் சுவரில் எழுதினார், இவர் தொலைபேசியில் எழுதினார் என்று கருவியை மட்டும் மாற்றிச் சொல்வதால் படைப்பைப் பற்றி நாம் எதையும் அறிந்துகொள்வதில்லை.

அந்தக் கருவி எழுத்தை என்ன செய்தது என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. அதற்கு விடை தேட வேண்டுமானால் இலக்கியத்துக்கு முன்பாக, அகதி ஒருவர் நாளாந்தம் அந்தத் தொலைபேசியை எதற்காகக் கையில் எடுக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். புத்தளம் மாவட்டத்துக் கிராமப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. எனது வகுப்பிலிருக்கும் பிள்ளைகளில் பலர் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.

1

2015இல் துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்குப் படகேறிய சிரிய அகதிகளின் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. அவற்றில் தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தவர்களைப் பலரும் கண்டிருப்பர். 'அகதிக்கு எதற்கு இவ்வளவு விலையான தொலைபேசி?' என்று அப்போது கேட்டவர்களும் உண்டு. அந்தத் தொலைபேசியில்தான் பாதைக்கான வரைபடம் இருந்தது. எந்த எல்லை திறந்திருக்கிறது, எந்தத் தரகன் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறான் என்று முன்னே போனவர்கள் முகநூல் குழுக்களில் எழுதிவைத்த தகவல்கள் அதில் இருந்தன. நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனால், தாம் எங்கே நிற்கிறோம் என்பதை வட்ஸ்அப் மூலம் அனுப்பி உதவி கேட்டார்கள். அவ்வாறான அழைப்புகளை இரவு பகலாக ஏற்றுக் கரையோரக் காவற்படைக்குத் தெரிவிக்கும் 'அலார்ம் போன்' என்ற தொண்டர் சேவை 2014 ஒக்ரோபரிலேயே தொடங்கப்பட்டிருந்தது.

2016இல் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அகதிகள் தமது கையில் செலவுக்கு எஞ்சும் பணத்தில் மூன்றிலொரு பங்கு வரை தொடர்பு வசதிக்காகச் செலவிடுவதுண்டு என்று கூறியது. அதே அறிக்கையின்படி 29 வீதமான அகதிக் குடும்பங்களிடம் எந்தத் தொலைபேசியும் இருக்கவில்லை. இவ்விரு தகவல்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். சோற்றுக்கு அடுத்ததாக, சிலவேளை சோற்றைக் குறைத்தும், மனிதர்கள் ஒரு குரலை விலைக்கு வாங்குகிறார்கள். அதையும் வாங்க முடியாத குடும்பங்கள் அடுத்த கூடாரத்தில் இருக்கின்றன.

இவ்வளவு விலை கொடுத்து என்னதான் பேசுகிறார்கள்? பெரும்பாலும் மிகச் சிறிய விடயங்களைத்தான். சாப்பிட்டாயா? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? காசு வந்து சேர்ந்ததா? உம்மாவிடம் சொல்லாதே. வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தால் அது இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள். இரண்டு விழுந்தால் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் வாசிக்கப்பட்டுவிட்டது. நமக்கு இது சாதாரண விடயம். படகில் போன மகனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கோ அந்த இரண்டாவது அடையாளம் ஹயாத்தின் செய்தி. 'கடைசியாகக் காணப்பட்ட நேரம்' என்று திரையின் மேலே தெரியும் சிறிய வரியை அவள் ஒரு நாளில் எத்தனை தடவை பார்ப்பாள் என்பதை எழுத ஒரு நல்ல சிறுகதையாசிரியன் வேண்டும்.

இந்த அன்றாடப் பேச்சிலிருந்து விமர்சனத்துக்கு வேண்டிய இரண்டு பண்புகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, இது எப்போதும் குறித்த ஒருவரை நோக்கியே சொல்லப்படுகிறது. மற்றது, இது பதிலை எதிர்பார்க்கிறது. அச்சிலேறும் இலக்கியம் 'வாசகர்' என்ற முகந்தெரியாத கூட்டத்தை நோக்கிப் பேசுவது. தொலைபேசியில் பிறக்கும் எழுத்துக்கு மறுமுனையில் பெயருள்ள ஒரு மனிதர் இருக்கிறார். அவர் கேட்கிறார், பதில் தருகிறார், சிலவேளை பதில் தராமல் போகிறார்.

2

இந்த இரு பண்புகளையும் கையில் வைத்துக்கொண்டு பூச்சானியின் நூலுக்கு வருவோம். ஈரானின் ஈலாம் பிரதேசத்தைச் சேர்ந்தவர் பூச்சானி. 2013இல் படகில் அவுஸ்திரேலியாவை நோக்கிச் சென்று, பப்புவா நியூகினியின் மானுஸ் தீவில் அந்நாடு நடத்திய தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். காகிதத்தில் எழுதினால் காவலர்கள் பறித்துக்கொள்வர் என்ற அச்சத்தில், இரகசியமாக வைத்திருந்த தொலைபேசியில் பாரசீக மொழியில் தட்டச்சுச் செய்து துண்டு துண்டாக வெளியே அனுப்பினார். அவுஸ்திரேலியாவிலிருந்த மூனஸ் மன்சூபி அவற்றைச் சேர்த்து ஒழுங்குபடுத்தினார். ஒமித் தொஃபீகியான் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2019 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா இலக்கிய விருது அந்நூலுக்குக் கிடைத்தபோது அதன் ஆசிரியருக்கு அந்நாட்டினுள் நுழைய அனுமதியில்லை. 2019 நவம்பரில் அவர் நியூஸிலாந்தை அடைந்தார். 2020இல் அங்கே அவருக்குப் புகலிடம் வழங்கப்பட்டது.

நூலின் நடை உரைநடைக்கும் கவிதைக்கும் இடையில் மாறிமாறிச் செல்கிறது. ஒரு காட்சி சில பக்கங்களுக்குள் தன்னை நிறைவு செய்துகொள்கிறது, பிறகு இன்னொன்று தொடங்குகிறது. அடுத்த செய்தியை அனுப்ப முடியுமா என்று தெரியாதவன் எழுதும் முறை இது என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு துண்டும் கடைசித் துண்டாகிவிடலாம், ஆகவே ஒவ்வொன்றும் தன்னளவில் நிற்க வேண்டும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சில பகுதிகள் மொழிபெயர்ப்பின்போதே செய்யுள் வடிவம் பெற்றன என்பதை மொழிபெயர்ப்பாளரே விளக்கியிருக்கிறார். ஆகவே நூலின் வடிவத்தை ஒரு தனிமனித மேதைமையின் விளைவாக மட்டும் கொள்ள முடியாது. சிறைக்குள் ஒருவர், வெளியே பலர் என்ற உழைப்புப் பங்கீட்டில் உருவான வடிவம் அது.

நூலின் நடுவில் தொலைபேசி பற்றிய ஒரு சம்பவம் வருகிறது. முகாமில் தொலைபேசி அழைப்புக்கு முறை உண்டு, வரிசை உண்டு. ஒரு கைதியின் தந்தை ஊரில் மரணப்படுக்கையில் இருக்கிறார். முறைக்கு முந்தி ஓர் அழைப்பு எடுக்க அவன் மன்றாடுகிறான். கீழே உள்ள அலுவலர் மேலே கைகாட்டுகிறார், மேலே உள்ளவர் விதியைக் காட்டுகிறார். அவனது முறை வரும்போது தந்தை உயிரோடு இல்லை. முகாமின் ஆட்சி முறையைப் பூச்சானி பல பக்கங்களில் கோட்பாடாகவும் விளக்குகிறார். அந்த விளக்கங்கள் அனைத்தையும் விட இச்சம்பவமே என் மனதில் ஆழமாகத் தங்கியது. ஒரு மனிதனை உடைக்க அடியும் உதையும் வேண்டியதில்லை, மறுமுனையை அறுத்துவிட்டால் போதும் என்பதை அது காட்டிவிடுகிறது.

இவ்விடத்தில்தான் நூல் மீதான எனது முக்கிய விமர்சனத்தையும் வைக்க வேண்டியிருக்கிறது. இந்நூல் முழுவதும் செய்திகளாக ஒருவருக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அச்சில் அந்த ஒருவர் இல்லை. பதில்கள் இல்லை. 'கிடைத்தது, அடுத்ததை அனுப்புங்கள்' என்ற ஒரு வரிகூட இல்லை. மறுமுனை துடைக்கப்பட்டு, தனித்து நின்று அனைத்தையும் நோக்கும் ஒரு கதைசொல்லி மட்டும் எஞ்சுகிறார். சக கைதிகளையும் அவர் சற்றுத் தூரத்திலிருந்தே பார்க்கிறார். அவர்களுக்குச் சூட்டப்பட்ட பட்டப்பெயர்கள் அவர்களுக்குப் பாதுகாப்பைத் தருகின்றன என்பது உண்மை. ஆனால் அதே பெயர்கள் அவர்களை மனிதர்கள் என்ற நிலையிலிருந்து வகைமாதிரிகள் என்ற நிலைக்குத் தள்ளிவிடவும் செய்கின்றன. பெரும் இலக்கியம் ஆவதற்காக இந்நூல் கொடுத்த விலை அது.

இதே முகாமிலிருந்து வந்த இன்னொரு படைப்பை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். சூடானைச் சேர்ந்த அப்துல் அஸீஸ் முஹமத், மெல்பேர்னிலிருந்த பத்திரிகையாளர் மைக்கல் கிறீனுக்கு ஆயிரக்கணக்கான குரல் செய்திகளை அனுப்பினார். அவற்றிலிருந்து 2017இல் 'செய்தி கொண்டுவருபவன்' என்று பொருள்படும் பெயரில் ஒலித்தொடர் ஒன்று உருவாக்கப்பட்டது. அஸீஸுக்கு 2019இல் மார்ட்டின் என்னல்ஸ் மனித உரிமை விருது கிடைத்தது. பின்னர் அவருக்குச் சுவிற்சர்லாந்தில் புகலிடம் கிடைத்தது. அந்தத் தொடரில் இரு பக்கக் குரல்களும் கேட்கின்றன. கேட்பவர் கேள்வி கேட்கிறார், பதில் தாமதமாகிறது, நாம் காத்திருக்கிறோம். பூச்சானியின் மொழிச்செறிவு அதில் இல்லை. ஆனால் தொலைபேசி எழுத்தின் உயிர்நிலையான உறவு அதில் மறைக்கப்படவில்லை. இலக்கியம் என்றால் அச்சுநூல்தான் என்று நினைப்பவர்கள் முன்னையதைப் போற்றிப் பின்னையதைச் செய்தித்துறைக்கு ஒதுக்கிவிடுவர். நான் அப்படிச் செய்யத் தயாரில்லை.

3

அடுத்ததாக ஒரு திரைப்படம். ஆப்கானிய இயக்குநர் ஹஸன் ஃபாஸிலியின் 'நள்ளிரவுப் பயணி' 2019இல் வெளிவந்தது. தாலிபானின் கொலை மிரட்டலுக்கு உள்ளாகி, மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் ஐரோப்பாவை நோக்கிப் போன நீண்ட பயணத்தை மூன்று கைத்தொலைபேசிகளால் பதிவுசெய்த படம் அது. குடும்பத்தினர் மாறிமாறிப் படம் பிடிக்கிறார்கள். எல்லை கடக்கும் பதற்றத்தை விட, முகாமில் சோம்பிக் கழியும் பகல்களும் பிள்ளைகளின் அலுப்பும் கணவன் மனைவியின் சிறு சண்டைகளுமே படத்தில் அதிகம். அகதி வாழ்வின் பெரும்பகுதி காத்திருத்தல் என்பதை இந்தப் படம் அறிந்திருக்கிறது.

படத்தில் ஓர் இடம் விமர்சகர்கள் அனைவரையும் நிறுத்தி வைத்தது. மகள் காணாமற்போய்விடுகிறாள், தேடுகிறார்கள். அந்த நேரத்தில், இதைப் படமாக்கினால் எப்படிப்பட்ட காட்சியாக அமையும் என்ற எண்ணம் தன்னுள் எழுந்ததையும், அந்தக் கணத்தில் சினிமாவையே வெறுத்ததையும் ஃபாஸிலி சொல்கிறார். அந்தத் தேடலை அவர் படமாக்கவில்லை. குரல் மட்டும் சொல்கிறது. நமது எழுத்தாளர்கள் அனைவரும் சிந்திக்க வேண்டிய இடம் இது. தொலைபேசி எப்போதும் கையில் இருக்கிறது, எல்லாவற்றையும் பதிவுசெய்ய முடிகிறது. முடிகிறது என்பதால் பதிவுசெய்துவிடலாமா? ஜனாஸா வீட்டில்கூடத் தொலைபேசியை உயர்த்திப் பிடிப்பவர்களை இன்று நமது ஊர்களிலும் காண்கிறோம். மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கும் வரை அது செய்தி. மறுமுனையில் ஒரு கூட்டம் மட்டுமே இருக்கும்போது அது காட்சிப்பொருளாகும் ஆபத்து உண்டு. ஃபாஸிலி அந்த எல்லைக்கோட்டைக் கண்டுகொண்ட கலைஞர்.

4

ரொஹிங்யா மக்களின் நிலை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2017 ஓகஸ்ட் 25க்குப் பிறகு மியன்மாரிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷின் கொக்ஸ் பஸார் முகாம்களுக்கு ஓடிவந்தனர். முன்னர் வந்தவர்களையும் சேர்த்து அங்கே பத்து இலட்சத்தை அண்மித்த மக்கள் தொகை உருவானது. மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய குடிசைகளுக்கிடையே, சூரிய மின்தகட்டை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு தொலைபேசிகளுக்கு மின்னேற்றிக் கொடுக்கும் சிறு கடைகள் தோன்றின.

ரொஹிங்யா மொழி பெரும்பாலும் பேச்சிலேயே வாழ்ந்துவரும் மொழி. 1980களில் முஹம்மத் ஹனீஃப் என்ற அறிஞர் அரபு எழுத்தை அடியொற்றி அதற்கென ஓர் எழுத்துமுறையை வகுத்தார். 2018இல் அது யுனிகோட்டில் சேர்க்கப்பட்டது. அரபுத் தமிழின் வரலாறு தெரிந்த நமக்கு இந்த முயற்சியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலரே. ஆகவே முகாம் மக்களுக்கு வட்ஸ்அப் என்பது எழுதும் கருவியாவதற்கு முன் பேசும் கருவியாகவே பயன்பட்டது. ஊரில் என்ன நடந்தது, யார் மௌத்தானார், எங்கே அரிசி கொடுக்கிறார்கள் என்பனவெல்லாம் குரல் செய்திகளாகச் சுற்றின. இழந்த மண்ணைப் பாடும் 'தரானா' பாடல்களும் அதே வழியில் கைமாறின. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியும் இந்த இலக்கியச் சுற்றில் பங்குகொள்கிறாள். கேட்கிறாள், பிறருக்கு அனுப்புகிறாள், தன் குரலையும் சேர்க்கிறாள்.

இன்னொரு பக்கத்தில், இளைஞர்கள் ஆங்கிலத்திலும் பர்மிய மொழியிலும் கவிதை எழுதி முகநூலில் இட்டார்கள். ஜேம்ஸ் பேர்னும் ஷெஹ்ஸார் டோஜாவும் தொகுத்து 2019இல் வெளிவந்த 'நான் ஒரு ரொஹிங்யா' என்ற தொகுப்பு அத்தலைமுறையின் கவிதைகளை அச்சுக்குக் கொண்டுவந்தது. மையு அலி போன்றவர்களின் பெயர் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அக்கவிதைகள் பலவற்றில் 'நான் இருக்கிறேன்' என்ற அறிவிப்பே மேலோங்கி நிற்கிறது. தேர்ந்த கவிதை வாசகருக்கு இது ஒரே சுருதியாகத் தோன்றலாம். ஆனால் தன் பெயரையே அரசு ஏற்க மறுக்கும் ஓர் இனத்தின் இளைஞன், தான் யாரென்று அந்நிய மொழியில் தெரியாத ஒருவருக்குச் சொல்லும்போது அந்த முதல் வாக்கியத்தைத் தாண்டுவது எளிதல்ல. முகாமுக்குள் சுற்றும் குரல் செய்திகளில் அந்த அறிவிப்பு தேவைப்படுவதில்லை. அங்கே மறுமுனையில் இருப்பவருக்கு அவன் யாரென்று தெரியும். ஆகவே அங்கே நகைச்சுவை வருகிறது, வசை வருகிறது, காதல் வருகிறது. ஒரே சமூகம், ஒரே தொலைபேசி, ஆனால் மறுமுனை மாறும்போது இலக்கியமே மாறிவிடுகிறது. நாம் மொழிபெயர்ப்பில் வாசிப்பது வெளியாருக்காக எழுதப்பட்ட பாதியை மட்டுமே என்ற உணர்வு விமர்சகனுக்கு இருக்க வேண்டும்.

2019 செப்ரெம்பரில் பங்களாதேஷ் அரசு முகாம்களில் அதிவேக இணையத்தை நிறுத்துமாறும், அகதிகளுக்கு சிம் அட்டைகள் விற்கக் கூடாதென்றும் உத்தரவிட்டது. 2020 ஓகஸ்ட் இறுதியில்தான் இணையம் திரும்பக் கிடைத்தது. கொவிட் நோய் பரவத் தொடங்கிய மாதங்களும் அதற்குள் அடங்கும். மருத்துவத் தகவல் இல்லை, கடல் கடந்த உறவினரின் குரல் இல்லை. மானுஸில் ஒரு மகனுக்கு நடந்தது இங்கே ஒரு நகரமளவு மக்களுக்கு நடந்தது.

5

இந்தக் கருவியை வாழ்த்திப் பாடிவிட்டு எழுந்து செல்லவும் முடியாது. ரொஹிங்யாக்களுக்கு எதிரான வெறுப்பு பரவியதும் அதே முகநூலில்தான். அங்கே வன்முறை தூண்டப்படுவதைத் தடுக்கத் தான் போதியளவு செயற்படவில்லை என்று அந்த நிறுவனம் 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் கண்டி, திகன பகுதிகளில் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது முகநூலில் என்ன சுற்றியது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் இலங்கை வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. ஊரை எரித்த வாயும் ஊரை விட்டு ஓடியவனின் வாயும் ஒரே குழாயில் பேசுகின்றன. அகதியின் எழுத்தை வாசிக்கும்போது அந்த இரைச்சலையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அரசுகளும் அந்தத் தொலைபேசியை வாசிக்கின்றன. புகலிடம் கேட்போரின் தொலைபேசியைத் திறந்து பார்த்து அவர் சொல்லும் ஊர் உண்மைதானா என்று சோதிக்க ஜேர்மனி 2017இல் சட்டம் இயற்றியது. விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே அப்படிச் சோதிப்பது சட்டவிரோதம் என்று அந்நாட்டின் நிர்வாக உச்ச நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. சிறு படகுகளில் வந்தவர்களின் தொலைபேசிகளைப் பறித்துவைத்த பிரித்தானியாவின் நடைமுறையும் 2022 மார்ச்சில் நீதிமன்றத்தால் சட்டவிரோதமெனக் கூறப்பட்டது. தாய்க்கு அனுப்பிய செய்தியை ஓர் அதிகாரி சாட்சியமாக வாசிக்கிறார். இது தெரிந்த பிறகு அந்த மகன் தாய்க்கு எழுதுவது முன்னைப் போல் இருக்குமா? அழிப்பான், குறைப்பான், பெயர்களை மாற்றுவான். அகதி எழுத்தில் காணப்படும் மௌனங்களை அழகியல் உத்தி என்று புகழும் முன், அவற்றில் எத்தனை பயத்தின் மௌனம் என்று கேட்கப் பழக வேண்டும்.

6

இனி நம்மிடம் வருவோம். 1990 ஒக்ரோபரின் இறுதி வாரங்களில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களின் கையில் தொலைபேசி இருக்கவில்லை. அந்தக் காலத்து அன்றாடத்தைக் காட்டும் எழுத்துகள் நம்மிடம் மிகக் குறைவு என்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியேற்றத்தைப் பற்றிய கவிதைகளும் கதைகளும் நினைவுக் குறிப்புகளும் பின்னர் வந்தன, அவை மதிப்புடையவை. ஆனால் அவை நடந்ததைத் திரும்பிப் பார்ப்பவை, வெளியாரை நோக்கி 'நடந்தது இது' என்று சாட்சி சொல்பவை. கல்பிட்டிப் பக்கத்துக் கிடுகுக் கொட்டிலில் இருந்த உம்மா ஒருத்தி, வேறு முகாமிலிருந்த தன் தங்கைக்கு அன்று என்ன சொல்லியனுப்பினாள் என்பது நமக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் தர மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். 'வந்த புதிதில் உறவினரின் செய்தியை எப்படி அறிந்துகொண்டீர்கள்?' என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதச் சொன்னேன். ஒரு மாணவி தன் உம்மும்மாவைக் கேட்டு எழுதி வந்தாள். பஸ்ஸில் வருபவர்களிடம் கடிதம் கொடுத்தனுப்புவார்களாம். வந்த கடிதங்களை ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைத்திருந்தாராம். அடுத்த மாரியில் கொட்டிலுக்குள் வெள்ளம் வந்து எல்லாம் ஊறிப்போயிற்றாம். 'அதிலெ என்ன எழுதியிருந்திச்சு?' என்று பேத்தி கேட்டதற்கு, 'பெரிசா ஒண்டுமில்ல மகள், சுகமா இரிக்கிறோம், நீங்க சுகமா எண்டுதான்' என்றாராம். அந்தப் 'பெரிசா ஒண்டுமில்லை' என்பதைத்தான் நமது இலக்கியம் இழந்துவிட்டது என்று நான் கருதுகிறேன்.

தொலைபேசி வந்துவிட்டதால் இந்த இழப்பு இனி நேராது என்று எண்ணுவதும் பேதைமை. பேணிக்கு வெள்ளம் வந்தது போல் இதற்கும் வரும். தொலைபேசி உடைந்தால், கணக்கு முடக்கப்பட்டால் எல்லாம் போயிற்று. ரொஹிங்யா மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றி 2019இல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த காம்பியா, முகநூல் நீக்கிவிட்ட பதிவுகளைச் சான்றாகப் பெறுவதற்காக அமெரிக்க நீதிமன்றத்தின் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. ஒரு சமூகத்தின் நினைவுப் பெட்டகத்தின் திறப்பு ஏதோவொரு கம்பனியின் கையில் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஆகவே விமர்சனத்தின் வேலை இங்கே நூலுக்கு மதிப்புரை எழுதுவதோடு முடிவதில்லை. மன்சூபி இல்லாவிட்டால் பூச்சானியின் நூல் இல்லை. கிறீன் ஒவ்வொரு செய்தியையும் காத்துவைக்காவிட்டால் அஸீஸின் குரல் இல்லை. மறுமுனையில் இருந்து பெற்றுக்கொண்டவர், பதில் சொன்னவர், காத்துவைத்தவர் ஆகியோரும் இலக்கியத்தின் ஆக்கர்களே. அகதி எழுத்தை அணுகும் விமர்சகன் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது யாருக்குச் சொல்லப்பட்டது? பதில் வந்ததா? யார் காத்துவைத்தார்? கண்ணீரின் அளவு பற்றிய கேள்வி இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

வெளியேற்றத்தின்போது முதிர்ந்தவர்களாக இருந்த தலைமுறையினர் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யக்கூடிய கருவி ஒன்று இருக்கிறது. மத்திய கிழக்கிலிருக்கும் மகனுக்கு உம்மும்மா அனுப்பும் குரல் செய்திகளில் பழைய ஊரின் ஒழுங்கைகளும் கிணறுகளும் பள்ளிவாசல் திண்ணையும் இப்போதும் வந்து போகின்றன. அவர்களது சம்மதத்தோடு, பெயர் வேண்டாமென்றால் பெயரை நீக்கி, அவற்றைக் கேட்டெழுதி அச்சில் பதிக்க நமது சிற்றிதழ்கள் முன்வர வேண்டும். ஓர் இதழுக்கு இரண்டு பக்கங்கள் போதும். ஆனால் பதில்களையும் சேர்த்தே பதிக்க வேண்டும். 'சாப்பிட்டீங்களா உம்மா?' என்ற கேள்வி அச்சில் விடுபட்டுவிட்டால், 'ஓம் மகன், சாப்பிட்டேன்' என்ற பதிலில் எதுவும் மிஞ்சாது.